ஆறரை மணிக்குத் திறந்த கூடைகள்

பிறம்ரன்
29 மே 2024

சுஹைர் நானாவுக்கு,

போனில் என்னை அடைத்துவிட்டீர்கள். வட்ஸ்அப்பிலும் அடைத்துவிட்டீர்கள். வீட்டுப் போனுக்கு எடுத்தால் ஸபியா ராத்தா "அவர் தொழுறார்" என்கிறா. காலை பத்து மணிக்கும் தொழுகை, பின்னேரம் நாலு மணிக்கும் தொழுகை. ஒரு நாளைக்கு ஐந்து வேளைதான் என்று எனக்கும் தெரியும் நானா, நானும் மன்னாரில் பிறந்தவன். அதனால்தான் இந்தக் கடிதம். தபால் பெட்டியை அடைக்க இன்னும் ஒருவரும் வழி கண்டுபிடிக்கவில்லை.

புறாக் கிளப்பில் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், பிறகு நீங்கள் எதையும் சொல்லுங்கள்.

மே பத்தாம் திகதி வெள்ளிக்கிழமை, பதினான்கு பேரின் இருநூற்று எண்பத்தாறு பந்தயப் புறாக்களைக் கூடைகளில் ஏற்றிக்கொண்டு வழமைபோல இரவே வடக்கே வெளிக்கிட்டேன். சட்பரிக்கு இந்தப் பக்கம் உள்ள அந்தப் புல்வெளிதான். விடியத் திறந்துவிட்டால் மத்தியானத்துக்குள் தங்கள் தங்கள் கூட்டில் இறங்கிவிடுவார்கள். பதினெட்டு வருசமாக கிளப்பின் ட்ரக்கை ஓட்டுகிறேன், ஒருநாளும் பிசகவில்லை.

பதினொரு மணிபோல நெடுஞ்சாலையில் கார்கள் வரிசையாக ஓரம் கட்டி நின்றன. விபத்து என்று நினைத்து இறங்கினேன். நிமிர்ந்து பார்த்தால் வானம் முழுக்கப் பச்சையும் றோசாவும். தொங்குகிறது, அசைகிறது, மடிகிறது. மே மாதம் எங்கள் அன்னையின் மாதம். ட்ரக்குக்குள் செபமாலை சொல்லிக்கொண்டு வந்தவன் நான், நாலாவது பத்து மணியில் நின்றேன். அப்படியே சரளைக்கல்லில் முழந்தாளிட்டேன். பக்கத்தில் நின்ற ஒரு வெள்ளைக்காரப் பெண் எனக்கு நெஞ்சுவலி என்று நினைத்து ஓடி வந்தாள்.

அது அரோரா என்று எனக்கும் தெரியும். பெயர் தெரிந்தால் அனுப்பியது மாதா இல்லை என்று ஆகிவிடுமா? படம் எடுத்து உங்களுக்கு அனுப்பினேன். "மாதா வானத்தைத் திறந்து காட்டுறா நானா, நாளைக்கு எங்கட நாள்" என்று எழுதினேன். நீங்கள் "வடிவு" என்று ஒரு சொல் பதில் போட்டீர்கள்.

காலையில் மேகம் மூடியிருந்தது. பந்தயச் செயலாளரான நீங்கள் வேண்டாம் என்று சொல்லாவிட்டால் ஆறரைக்குத் திறக்கலாம் என்பது கிளப்பின் சட்டம். மேகம் என்றால் வெயில் எறிக்கும்வரை பொறு என்பதும் சட்டம்தான், அதை நான் மறைக்கவில்லை. முந்தின இரவு அப்படி ஒரு வானத்தைக் காட்டியவ காலமை கைவிடமாட்டா என்று நினைத்தேன். திறந்தேன்.

வழமையாக ஒரு வட்டம் அடித்துவிட்டுத் தெற்கே இழுப்பார்கள். அன்று வட்டம் அடித்தார்கள், பிரிந்தார்கள், திரும்பி என் தலைக்கு மேலேயே வந்தார்கள். ஒரு கூட்டம் வடக்கே போனது. ஒரு கூட்டம் கிழக்கே. நான் கைகாட்டிக் கத்தினேன், புறாவுக்குக் கைகாட்டின முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

பருந்து கலைத்திருக்கலாம். அந்தப் பக்கம் பருந்து கூட. உங்கள் இருபத்திரண்டில் எத்தனை வந்தது என்றாவது எழுதுங்கள்.

இக்னேசியஸ்


ஸ்காபரோ
8 ஜூன் 2024

இக்னேசியஸ்,

எத்தனை என்று கேட்டாய். ஒன்றும் இல்லை.

கிளப்புக்கு மொத்தமாக அன்று இருட்டும்வரை பத்தொன்பது வந்தது. இன்றுவரை நாற்பத்தொன்று. மோல்ற்றாக்காரப் பவுலுக்கு மூன்று. எனக்குச் சைபர். மிச்சம் இருநூற்று நாற்பத்தைந்தையும் பருந்து தின்றது என்கிறாய். அப்படியென்றால் அந்தப் பருந்துக்கு இப்போது வயிற்றுவலியாக இருக்க வேண்டும். ஆடத் தெரியாதவன் மேடை கோணல் என்றானாம்.

நீ முழந்தாளிட்டுப் பார்த்தது சூரியனிலிருந்து வந்த புயல். பூமிக்கு ஒரு காந்தம் இருக்கிறது. அது எவ்வளவு குழம்பியிருக்கிறது என்று சைபர் முதல் ஒன்பது வரை ஓர் எண் போடுவார்கள். ஐந்தைத் தாண்டினால் புறா விடாதே என்பது இந்த விளையாட்டில் இருக்கும் எல்லோருக்கும் தெரிந்தது. அன்று ஒன்பது. வெயில் இருந்தால் புறா வெயிலை வைத்துத் திசை பிடிக்கும். மேகம் மூடினால் காந்தத்தை வைத்துப் பிடிக்கும். இரண்டும் இல்லாத நேரம் பார்த்து நீ கூடையைத் திறந்தாய்.

காலை ஐந்தரைக்கும் ஆறரைக்கும் இடையில் மூன்று தரம் உனக்குப் போன் எடுத்தேன். சிக்னல் இல்லை என்றது. கமிற்றிக்கும் அதையே எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

நான் அனுப்பியவை எல்லாம் ஆண்கள். எப்படி அனுப்புகிறோம் என்று உனக்குத் தெரியும். ஒரு கிழமை பேட்டிடமிருந்து பிரித்து வைத்து, கூடையில் போடுமுன் ஐந்து நிமிடம் மட்டும் காட்டுவோம், அந்த நினைப்பில் நேரே வீட்டுக்குப் பறக்கட்டும் என்று. இப்போது இருபத்திரண்டு பேடுகளும் தங்கள் பெட்டியில் இருந்துகொண்டு வாசலைப் பார்க்கின்றன. வேறு ஆணை விட்டுப் பார்த்தேன். கொத்துகின்றன. காலையில் தீன் போடப் போகும்போது எனக்கு அந்தப் பக்கம் பார்க்க முடியவில்லை.

இது என் கடைசி சீசன் என்றும் உனக்குத் தெரியும். இருபத்தாறு வருசம் புறாத் தூசு குடித்த நுரையீரல் இது. பனிக்காலத்துக்கு முன் எல்லாவற்றையும் கொடுத்துவிடு என்று டொக்டர் சொல்லிவிட்டார். கடைசியாக ஒரு நல்ல பந்தயம் பார்க்க ஆசைப்பட்டேன்.

தொண்ணூறில் தமிழ் இயக்கம் முஸ்லிம்கள் எங்களை எருக்கலம்பிட்டியிலிருந்து வெளிக்கிடச் சொன்னபோது எல்லாவற்றையும் போட்டுவிட்டு வள்ளம் ஏறினவன் நான். அதற்கு ஒருநாளும் உன்னைக் குறை சொன்னதில்லை. நீ அப்போது பேசாலையில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த பொடியன். இதற்குச் சொல்கிறேன். இது நீ செய்தது.

சுஹைர்


பிறம்ரன்
2 ஜூலை 2024

நானாவுக்கு,

உங்கள் கடிதத்தை வெயர்ஹவுஸில் சாப்பாட்டு நேரம் வாசித்தேன். வாசித்துவிட்டு சோற்றுப் பெட்டியை மூடி வைத்துவிட்டேன். பின்னேரம் வீட்டில் கிளடிஸ் அதைத் திறந்து பார்த்துவிட்டு, "சுஹைர் அண்ணை எழுதினவரோ?" என்று கேட்டாள்.

எண்ணைப் பார்ப்பது செயலாளரின் வேலை, ஓட்டுவது என் வேலை என்று பதினெட்டு வருசம் இருந்துவிட்டேன். அது என் பிழைதான். ஆனால் நானா, மூன்று தரம் எடுத்ததாக எழுதியிருக்கிறீர்கள். என் போனில் அப்படி ஒன்றுமே இல்லை. நெடுஞ்சாலைக்கு வந்து சிக்னல் கிடைத்த பிறகாவது காட்டியிருக்க வேண்டும். மகன் கீதனிடம் கேட்டேன். "அப்பா, சிலவேளை காட்டாது, டோன்ட் ஓவர்திங்க்" என்றான். சரி என்று விட்டுவிட்டேன். நீங்கள் பொய் சொல்ல வேண்டிய தேவை என்ன?

கமிற்றிக்கூட்டத்தில் சிவபாதம் அண்ணை எழும்பி, "உவனை இனி ட்ரக்கில ஏத்தக்கூடாது, உவன் புறாவைக் கொண்டுபோகேல்லை, பூசைக்குக் கொண்டுபோயிருக்கிறான்" என்றபோது எல்லோரும் சிரித்தார்கள். பவுலுக்கு யாரோ இங்கிலிஷில் சொல்ல, அவனும் பிந்திச் சிரித்தான். நான் சாவியை மேசையில் வைத்தேன். எனக்கு அவர்கள் சிரித்தது பெரிதில்லை. நீங்கள் அந்த மேசையின் மரக்கோட்டை விரலால் தடவிக்கொண்டிருந்தீர்கள், ஒருதரமும் நிமிரவில்லை. "பதினெட்டு வருசம் ஓடினவன்" என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம்.

பருந்து என்று எழுதியதை வாபஸ் வாங்குகிறேன். ஒன்று மட்டும் கேட்கிறேன். எனக்கு இந்த நாட்டில் சிநேகிதம் என்று இருப்பது நீங்கள் ஒருவர்தான். கோபம் ஆறும்வரை பொறுத்திருக்கிறேன், ஆறாது என்றால் அதையாவது சொல்லிவிடுங்கள்.

இக்னேசியஸ்


ஸ்காபரோ
19 ஆகஸ்ட் 2024

இக்னேசியஸ்,

நேற்று ஒரு விவசாயி போன் எடுத்தான். கொக்ரேன் என்ற ஊர். அவனுடைய வைக்கோல் கொட்டிலில் ஒரு புறா ஒரு மாதமாக மாடுகளின் தீனைப் பொறுக்கித் தின்றுகொண்டு இருக்கிறதாம். கால் வளையத்தில் இருந்த இலக்கத்தை வாசித்தான். என்னுடையது. கறுப்பு வரி போட்ட சாம்பல் ஆண்.

வரைபடத்தில் பார்த்தேன். நீ திறந்த இடத்திலிருந்து நேர் வடக்கு. வீட்டுக்கு நேர் எதிர்த்திசையில் ஒரு நாள் முழுக்கப் பறந்திருக்கிறது.

எட்டு மணித்தியாலம் கார் ஓட இந்த நுரையீரலோடு என்னால் முடியாது. உன்னைப் போகச் சொல்லி எழுதவில்லை. தகவல் சொல்ல வேண்டியது கடமை என்பதால் எழுதுகிறேன். விவசாயியின் விலாசம் பின்பக்கத்தில் இருக்கிறது.

சுஹைர்


பிறம்ரன்
6 ஒக்ரோபர் 2024

நானாவுக்கு,

போகச் சொல்லவில்லை என்று எழுதிவிட்டு விலாசத்தையும் எழுதுகிற ஆள் உலகத்தில் நீங்கள் ஒருவர்தான். அந்த வரியை வாசித்துவிட்டு மூன்று மாதத்துக்குப் பிறகு சிரித்தேன்.

போனதும் வந்ததும் உங்களுக்குத் தெரியும், புறா இப்போது உங்களிடம் இருக்கிறது. பெட்டியை வாசலில் வைத்துவிட்டு மணி அடித்தேன். ஸபியா ராத்தா திறந்தா. உள்ளே நீங்கள் இருமுவது கேட்டது. "உள்ளுக்கு வாங்கோ தம்பி" என்றுவிட்டு உள்ளே திரும்பிப் பார்த்தா. பிறகு என்னைப் பார்க்காமல், "டீ குடிச்சிட்டுப் போங்கோவன்" என்றா. எனக்கு விளங்கியது. வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தேன். பிறம்ரன் வரும்வரை ரேடியோ போடவில்லை.

இப்போது சனிக்கிழமைகளில் ட்ரக் இல்லை. வீட்டில் இருக்க முடியவில்லை. செப்டெம்பரிலிருந்து ரொறன்ரோ நடு நகரத்தில் விடியற்காலையில் இறந்த பறவைகளைப் பொறுக்குகிற தொண்டர்களோடு சேர்ந்திருக்கிறேன். நீங்கள் சிரிப்பீர்கள். வடக்குக் காட்டிலிருந்து தெற்கே வலசை போகிற சின்னக் குருவிகள் அவை, பெருவிரலளவு. இரவில் பறந்து வந்து கண்ணாடிக் கட்டடங்களில் மோதி விழுகின்றன. துப்புரவுக்காரர் கூட்டித் தள்ளுமுன் நாங்கள் எடுத்துக் கடதாசிப் பையில் போட்டு, இடமும் நேரமும் எழுத வேண்டும். உயிர் இருந்தால் தனிப் பை. போன சனிக்கிழமை நான் மட்டும் முப்பத்தேழு எடுத்தேன். இரண்டுக்குத்தான் உயிர் இருந்தது. ஒன்று என் கையில் இருந்தபடியே போனது.

எங்கள் குழுவில் ஷாமிலா என்று ஒரு பிள்ளை. வீடு யூனியன்வில்லில், பல்கலைக்கழகத்தில் பறவைகளின் வலசையைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாள். புறாக் கதையை அவளிடம் சொன்னேன். சிரிக்காமல் கேட்டாள்.

"புயல் நாளில இதுகளும் வழமையைவிடக் குறைவாத்தான் பறக்கும் அங்கிள். பறக்கிறதும் காத்து இழுக்கிற பக்கம் போயிடும். சிலது வரவே வராத ஊரில போய் நிக்கும்" என்றாள். காந்தத்தின் வடமுனை முந்தி எங்கள் கனடாவுக்குள்தான் இருந்ததாம். இப்போது சைபீரியாப் பக்கமாக நடந்துகொண்டிருக்கிறதாம். முழுக் காந்தமும் கொஞ்சம் கொஞ்சமாக மெலிகிறதாம். அப்படியென்றால் இவை எல்லாம் என்ன செய்யும் என்று கேட்டேன். "மெதுவா மாறினால் பழகிக்கொள்ளும் எண்டு நினைக்கிறம். ஆமையள் முட்டை போடுற கரையைக்கூட அதுக்கேத்த மாதிரிக் கொஞ்சம் தள்ளிப் போடுதாம். சடாரெண்டு மாறினால்தான் அதுகளுக்கு நேரமில்லை. ஆனா ஷுவரா ஒருத்தருக்கும் தெரியாது" என்றாள்.

பிறகு என் பையைப் பார்த்துவிட்டு, "உதெல்லாத்தையும் காந்தத்தில போடாதேங்கோ, உது லைற்றும் கண்ணாடியும் செய்தது" என்றாள். ஓம் என்றேன். ஆனால் ஒவ்வொன்றையும் எடுக்கும்போது எனக்கு அந்தப் புல்வெளிதான் நினைவு வருகிறது. என் தலைக்கு மேலே திரும்பித் திரும்பி வந்தார்களே நானா, என்னிடம்தான் வழி கேட்டிருக்கிறார்கள்.

இக்னேசியஸ்


ஸ்காபரோ
14 ஜனவரி 2025

இக்னேசியஸ்,

உன் கடிதத்துக்கு மூன்று மாதம் பதில் எழுதவில்லை. ஆஸ்பத்திரியில் இரண்டு தரம் இருந்தேன். அது ஒரு காரணம்.

கொக்ரேன் புறா நன்றாக இருக்கிறது. அதாவது சாப்பிடுகிறது. வந்த அன்று அதன் பேட்டிடம் விட்டேன். இரண்டும் ஒன்றையொன்று பார்த்தன, பிறகு ஆளுக்கொரு மூலையில் இருந்தன. மூன்றாம் நாள் சேர்ந்துகொண்டன. ஆனால் வாசலைத் திறந்துவிட்டால் ஆண் வெளியே வருவதில்லை. தட்டில் வந்து நிற்கும், வானத்தைப் பார்க்கும், உள்ளே போய்விடும். நான் கையில் எடுத்து மேலே எறிந்தும் பார்த்தேன். எறிந்த வேகத்திலேயே என் காலடியில் வந்து இறங்கியது. வடக்கே ஒரு நாள் முழுக்கப் பறந்த புறா இப்போது பத்தடி பறக்க யோசிக்கிறது.

மற்றப் பேடுகளைக் கஜீவனிடம் கொடுத்துவிட்டேன், கிளப்பில் புதிதாகச் சேர்ந்த பொறுமையான ஆள். இந்த ஒரு சோடியை மட்டும் வைத்திருக்கிறேன். டொக்டருக்குச் சொல்லவில்லை. ஸபியாவுக்குத் தெரியும்.

செத்த குருவி பொறுக்குவதை நிறுத்து. விடியற்காலையில் எழும்பிப் போய் நீ ஏன் உன்னை இப்படி வதைக்கிறாய்? அந்தப் பிள்ளை சொன்னது சரி, நிச்சயமாக ஒருவருக்கும் தெரியாது. நானும் இப்போது நிறைய வாசிக்கிறேன். காந்தம் குழம்பினால் புறா திசை மாறும் என்று சிலர் எழுதுகிறார்கள். அப்படி ஒன்றும் பெரிதாகக் காணவில்லை என்று சிலர் எழுதுகிறார்கள். மேகம் மட்டுமே காரணமாக இருக்கலாம். வேறு ஏதாவது இருக்கலாம். அன்று கோபத்தில் எழுதினேன். எல்லாவற்றையும் உன் தலையில் போட்டுக்கொள்ளாதே.

கிளடிஸுக்கு சுகம் கேட்டதாகச் சொல்.

சுஹைர்


பிறம்ரன்
23 மார்ச் 2025

நானாவுக்கு,

கோபமாக எழுதினபோது தாங்கிக்கொண்டேன். அன்பாக எழுதியதைத்தான் தாங்க முடியவில்லை. பத்துத் தரம் வாசித்திருப்பேன்.

ஆனால் மேகம் மட்டும்தான், வேறு ஏதாவது என்று எனக்கு ஆறுதல் சொல்லாதீர்கள். நான் பொறுத்திருந்தால் அவை கூடைக்குள் இருந்திருக்கும். புயல் அடித்துவிட்டுப் போயிருக்கும், ஞாயிற்றுக்கிழமையோ திங்கட்கிழமையோ திறந்திருக்கலாம். நான் ஏன் பொறுக்கவில்லை? வானத்தில் கண்டதை எனக்கு வந்த செய்தி என்று நினைத்தேன். அந்த வெளிச்சமும் புறாக்களைக் குழப்பியதும் ஒன்றுதான் என்று எனக்குத் தெரிந்த நாளிலிருந்து நானா, என்னால் செபமாலையைத் தொட முடியவில்லை. தொட்டால் அந்தச் சரளைக்கல் நினைவு வருகிறது. எதற்கு முன்னால் முழந்தாளிட்டேன் என்று நினைவு வருகிறது.

இப்போது எங்களுக்குத் தவக்காலம். கிளடிஸ் தனியே சிலுவைப்பாதைக்குப் போய்வருகிறாள். நான் காருக்குள் இருந்து காவல் இருக்கிறேன், கடைக்கு முன்னால் நிற்கிற புருசன்மாரைப்போல. அவள் வற்புறுத்தியதால் ஒருநாள் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். எல்லாம் சொன்னேன். சாமியார் இளம் ஆள், கேரளத்தவர். "இதில் பாவம் எங்கே இருக்கிறது?" என்று கேட்டார். இருநூற்று நாற்பத்துநாலு என்று சொன்னேன். அவர் எனக்காகப் பரிதாபப்பட்டார். பாவமன்னிப்புத் தந்தார். வெளியே வந்து காரில் ஏறினபோது எனக்கு ஒன்றும் மன்னித்ததுபோல இருக்கவில்லை.

எனக்கு விளங்கிவிட்டது, அது உங்களிடமிருந்துதான் வர வேண்டும். உங்களுக்குச் சுகமில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்குப் பயமாக இருக்கிறது. நேரில் வரச் சொல்ல வேண்டாம், போனைத் திறக்க வேண்டாம். ஒரு தாளில் மன்னித்தேன் என்று ஒரு சொல் எழுதி அனுப்பிவிடுங்கள். அதை வைத்துக்கொண்டு நான் மிச்சத்தைப் பார்த்துக்கொள்வேன்.

இக்னேசியஸ்


ஸ்காபரோ
11 ஜூன் 2025

இக்னேசியஸ்,

நீ கேட்ட சொல்லை எழுத மூன்று மாதமாக முயன்றேன். எழுத எனக்கு உரிமை இல்லை. ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்து நாலு நாள். தொழுகை முடிந்தபோது பக்கத்தில் நின்றவர் சலாம் கொடுத்துக் கட்டிப்பிடித்தார், எனக்கு உன் முகம்தான் வந்தது. இனியும் இழுக்க முடியாது.

நான் உனக்குப் போன் எடுக்கவில்லை. மூன்று தரமும் இல்லை, ஒரு தரமும் இல்லை. உன் போனில் ஒன்றும் பிழை இல்லை.

நீ படம் அனுப்பியபோது நான் விழித்திருந்தேன். எண்ணைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஒன்பது. இருபத்தாறு வருசத்தில் நான் ஒருநாளும் காணாத எண். அப்போதே உனக்குச் சொல்லியிருக்க வேண்டும், நீ நெடுஞ்சாலையில் நின்றாய், சிக்னல் இருந்தது. "விடாதே" என்று அடித்தேன். பிறகு அழித்தேன். "வடிவு" என்று போட்டேன்.

ஏன் என்று கேட்பாய். லேசான பந்தயத்தில் எல்லாப் புறாவும் வரும், மூன்று நிமிடம், நாலு நிமிட வித்தியாசத்தில் பவுல் வெல்லுவான். ஒவ்வொரு வருசமும் அதுதான். கடுமையான பந்தயத்தில்தான் நல்ல இரத்தம் தெரியும் என்பது புறாக்காரன் எல்லோருக்கும் உள்ள நினைப்பு. மற்றவர்களுடையது தொலையும், என்னுடையது வரும் என்று நினைத்தேன். என் இருபத்திரண்டில் ஐந்தாவது வரும், மற்றவர்களுக்கு ஒன்றும் வராது, என் கடைசி சீசனை ஒருவரும் மறக்க மாட்டார்கள். அதுதான் என் கணக்கு. நீ வானத்தைப் பார்த்து மயங்கியிருந்தாய் என்று எனக்குத் தெரியும். மேகம் இருந்தாலும் நீ திறந்துவிடுவாய் என்று அந்தப் படத்தோடு நீ எழுதியதை வாசித்தபோதே தெரியும். சும்மா இருந்தால் போதும், நீ செய்துவிடுவாய்.

சும்மா இருந்தேன். காலை பதினொன்றிலிருந்து பின்வளவில் கதிரை போட்டு இருந்தேன். இருட்டின பிறகும் இருந்தேன். ஸபியா வந்து, "உள்ளுக்கு வாங்க, பனி" என்றா. அப்போதுதான் பயம் வந்தது. கமிற்றி கேட்டபோது வாயில் முதலில் வந்தது அந்த மூன்று அழைப்பு. சொன்னதை உனக்கும் எழுதினேன். எழுதினபின் அதை நானே நம்பத் தொடங்கினேன், உன்மேல் கோபப்படுவதும் சுலபமாக இருந்தது. நீ கொக்ரேன் போய்வந்த அன்று உள்ளே இருந்து உன் குரலைக் கேட்டேன். எழும்பி வந்தால் சொல்லிவிடுவேன் என்று பயந்து இருமினேன். பாதி இருமல் நடிப்பு.

நேற்று முன்தினம் கிளப்பில் எழும்பி எல்லாவற்றையும் சொன்னேன். சிவபாதம் எழும்பி வெளியே போனார். பவுல் மட்டும் "வை?" என்று கேட்டான். செயலாளர் பதவியை விட்டு விலகுவதாக எழுதிக் கொடுத்துவிட்டேன். கூட்டைக் கழற்ற ஆள் வருகிறது. அந்தச் சோடியும் கஜீவனிடம் போய்விட்டது.

உன் மாதாவை நீ விட்டது என்னால்தான். நான் ஒரு சொல் சொல்லியிருந்தால் அது உனக்கு வடிவான ஒரு வானமாக மட்டும் இருந்திருக்கும். புறாக்களுக்காக உன்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை, அதை நான் வேறிடத்தில் கேட்டுக்கொள்கிறேன். இந்த ஒரு வருசத்துக்காகக் கேட்கிறேன்.

சுஹைர்


பிறம்ரன்
3 ஓகஸ்ட் 2025

நானாவுக்கு,

உங்கள் கடிதம் வந்து ஆறு கிழமை. நாலு தரம் பதில் எழுதிக் கிழித்தேன். மூன்றில் "மன்னிச்சிட்டன்" என்று எழுதியிருந்தேன். எழுதும்போது கை எழுதியது, நான் எழுதவில்லை.

கிளடிஸிடம் வாசிக்கக் கொடுத்தேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "மன்னிச்சு விடுங்கோ அப்பா, வருத்தக்கார மனுசன்" என்றாள். ஓம் என்றேன். அன்று இரவு அவள் நித்திரையான பிறகு குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். ஐம்பத்துமூன்று வயது. அம்மா செத்தபோதும் இப்படி அழவில்லை.

புறாக்கள் போகட்டும். கமிற்றியில் சிரித்தது போகட்டும். நீங்கள் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்ததும் போகட்டும். நான் ஒன்றைத்தான் திரும்பத் திரும்ப நினைக்கிறேன். சரளைக்கல்லில் முழந்தாளிட்டு நான் உங்களுக்காகவும்தான் வேண்டினேன், உங்கள் நெஞ்சுக்காக. அந்த நேரம் நீங்கள் போனைக் கையில் வைத்துக்கொண்டு, இவன் திறந்துவிடுவான் என்று கணக்குப் பார்த்திருக்கிறீர்கள். என்னை அவ்வளவு நன்றாகத் தெரிந்த ஒருவரும் உலகத்தில் இல்லை.

குற்றம் முழுக்க என்னுடையது இல்லை என்று தெரிந்தால் மனம் லேசாகும் என்று நினைத்திருந்தேன். ஆகவில்லை. போன ஞாயிறு கிளடிஸோடு கோவிலுக்குள் போனேன், கடைசி வாங்கில் இருந்தேன். எல்லோரும் எழும்ப எழும்பினேன், இருக்க இருந்தேன். மன்றாட்டு நேரம் உங்கள் பெயரைச் சொல்ல வாய் எடுத்தேன், வரவில்லை. என் பெயரும் வரவில்லை.

கேட்டதைத் தர என்னிடம் இல்லை நானா. இருந்தால் தந்திருப்பேன், எனக்குக் கஞ்சத்தனம் இல்லை என்று உங்களுக்குத் தெரியும். ஸபியா ராத்தாவுக்கு ஆஸ்பத்திரிக்குப் போக வர வாகனம் தேவை என்றால் கீதனுக்குப் போன் எடுக்கச் சொல்லுங்கள். அவன் வருவான். நான் வரமாட்டேன்.

இனி எனக்கு எழுத வேண்டாம். எழுதினால் பிரித்து வாசித்துவிடுவேன்.

இக்னேசியஸ்